ஏர்ல் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் எதற்கு அந்த ‘ஆனால்’?

பூல் மேசை ஆட்டத்தின் சிறந்த பத்து பேர் என்று முகநூலில் ஒரு தம்பி போட்ட பட்டியல், அதில் என் ஆளு ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட் ஏழாவது; அதைத் திரும்ப விளக்கப் போவதில்லை. மூன்று நாளாக எல்லோரும் அதைத்தான் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். நேற்று ராத்திரி ஒருத்தர் என்னை டேக் செய்து “அண்ணே, உங்க ஆளு ஏழாவதாம்” என்று எழுதி மூன்று சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். ஒன்று போட்டிருந்தால்கூட விட்டிருப்பேன்.

தலைப்பு என்ன? அமெரிக்க ரொட்டேஷன் ஆட்டங்களில் எல்லாக் காலத்துக்குமான சிறந்த பத்து பேர். அதாவது ஒன்பது பந்து, பத்து பந்து வகையறா. மேசையில் இருப்பதிலேயே சின்ன எண் பந்தைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். கடைசி எண்ணை முறையாகக் குழியில் இறக்கியவருக்கு அந்த ரேக், அதாவது அந்தச் சுற்று. இதில் எவன் நல்லா ஆடினான் என்பதுதான் கேள்வி. எவன் நல்ல பிள்ளை என்பது கேள்வியே இல்லை. இதை இன்னும் நாலு தடவை சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பட்டியலில் முதலிடம் பிலிப்பைன்ஸ்காரர் எஃப்ரென் ரேயஸ். அப்புறம் ஷேன் வான் போனிங், ஜோஷுவா ஃபில்லர், ஃபெடோர் கோர்ஸ்ட், கோ பின்-யி, ஜானி ஆர்ச்சர். ஏழாவதாக ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட். மேலே இருக்கும் ஆறு பேருக்கும் பட்டங்களை மட்டும் எழுதிய தம்பி, ஏர்லுக்கு மட்டும் “அபாரத் திறமை, ஆனால் நடத்தை...” என்று மூன்று புள்ளி வைத்திருக்கிறார். அந்த மூன்று புள்ளிக்குத்தான் இந்தப் பதிவு.

ஆர்ச்சரையும் ஏர்லையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஆர்ச்சர் 1992, 1997இல் உலக ஒன்பது பந்துப் பட்டம் வாங்கினார். யு.எஸ். ஓப்பன் (டென்னிஸ் இல்லை, ஒன்பது பந்துப் போட்டி) ஒரு முறை, 1999இல். பெரிய ஆட்டக்காரர், மறுக்கவே இல்லை. ஏர்ல் 1990, 1991, 2002 என்று மூன்று உலகப் பட்டம். யு.எஸ். ஓப்பன் ஐந்து: 1984, 1987, 1993, 1997, 2000. இரண்டை விட மூன்று பெரிது, ஒன்றை விட ஐந்து பெரிது. ஒன்றாம் வகுப்புக் கணக்கு. அப்படியிருந்தும் ஆர்ச்சர் ஆறாவது, ஏர்ல் ஏழாவது என்றால் நடுவில் கழித்த மார்க் எது? ஒழுக்க மார்க். அதை ஒளிக்காமல் தலைப்பிலேயே போட்டிருக்கலாமே, ‘நன்னடத்தையும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது’ என்று. நானும் அமைதியாகக் கடந்து போயிருப்பேன்.

உடனே வருவீர்கள்: “அந்தக் காலத்துப் போட்டியில் அமெரிக்கர்கள் மட்டும்தானே ஆடினார்கள்?” கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் கொஞ்சம்தான். ரேயஸ் 1985லேயே ஹூஸ்டனுக்கு வந்து, சீஸர் மொராலஸ் என்று பெயரை மாற்றிச் சொல்லி ஆடி, டெக்ஸாஸ்காரர்களின் பையைக் காலி செய்துவிட்டுப் போனவர். 1994இல் யு.எஸ். ஓப்பனையே ஜெயித்தார், அமெரிக்கர் அல்லாத ஒருவர் ஜெயித்தது அதுதான் முதல் முறை. ஆக ஏர்லின் கடைசி இரண்டு ஓப்பனும் கதவு திறந்த பிறகு வந்தவை. 1984ஐ வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், தானமாகத் தருகிறேன். இன்னும் நாலு இருக்கிறது.

“1996இல் ஹாங்காங்கில் ரேயஸ் அவரை அடித்தாரே?” அடித்தார். முதலில் 120 ரேக் எடுப்பவருக்கு ஒரு லட்சம் டாலர், தோற்றவருக்குச் சல்லிக்காசு கிடையாது. மூன்று நாள் ஆட்டம். ஒரு கட்டத்தில் 17 ரேக் பின்தங்கியிருந்த ரேயஸ் 120-117 என்று முடித்தார். அதைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. ஆனால் அந்த 117ஐயும் ஒருவர் ஜெயித்தார் இல்லையா? மூன்று ரேக்கை வைத்து ஆறு இடம் கீழே தள்ளுவீர்களா? ரேயஸை மந்திரவாதி என்கிறோம், சரிதான். அந்த இசட் ஷாட்டை, இரண்டு குஷனில் (மேசையின் ரப்பர் விளிம்பில்) மோதிப் போய் மறைந்திருந்த பந்தை அடித்ததை, நானே நூறு தடவை பார்த்திருப்பேன். ஒன் பாக்கெட், எட்டுப் பந்து, எது கொடுத்தாலும் ஆடுவார். எல்லா ஆட்டத்துக்கும் சேர்த்துப் பட்டியல் போட்டால் முதலிடம் அவருக்கே, நானே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உங்கள் தலைப்பு ரொட்டேஷன். அதில் அவருக்கு உலக ஒன்பது பந்துப் பட்டம் ஒன்று, 1999இல். ஓப்பன் ஒன்று. மிச்சத்தை அந்தப் பல்லில்லாத சிரிப்புக்குக் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கும் அந்தச் சிரிப்பு பிடிக்கும்.

இந்தக் காலத்துப் பையன்களைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. ஃபில்லர் 2018 உலகப் பட்டம், அடுத்த வருஷமே ஓப்பன். கோர்ஸ்ட் 2019, 2024 உலகப் பட்டம். கோ பின்-யி 2015இல் ஒரே வருஷத்தில் ஒன்பது பந்து, பத்து பந்து இரண்டிலும் உலகப் பட்டம். எல்லாம் பிரமாதம். “ஃபார்கோ ரேட்டிங் (ஆட்டக்காரர்களின் திறமைக்குப் போடும் புள்ளி) பாருங்கள் அண்ணே” என்பவர்களுக்கு: பார்க்கிறேன், எனக்கும் ஒரு ரேட்டிங் இருக்கிறது, வெளியே சொல்கிற மாதிரி இல்லை. நூறு புள்ளி அதிகம் இருப்பவர் இரண்டு ரேக் எடுக்கும்போது மற்றவர் ஒன்று எடுப்பார் என்பது அதன் கணக்கு. இன்றைக்கு ஆடுகிற இரண்டு பேரை ஒப்பிட அருமையான கருவி. 1990இல் முப்பது வயதுகூட ஆகாத ஏர்லைக் கூப்பிட்டு அதில் நிறுத்த முடியாது.

உண்மையான சிக்கல் ஷேன்தான். 2007, 2012, 2013, 2014, 2016 என்று அவரும் ஐந்து ஓப்பன். உலகமே வந்து ஆடிய காலத்தில் எடுத்தது. 2022இல் மில்டன் கீன்ஸில் அல்பின் ஊஷனை 13-6 என்று அடித்து உலகப் பட்டமும் வாங்கிவிட்டார். காது சரியாகக் கேட்காத மனுஷன், ஏர்ல் மாதிரிக் கத்துபவரும் இல்லை. ஷேனை முதலில் போட்டு ஏர்லை இரண்டாவது போட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன். சரி, திறப்பேன், ஆனால் மெதுவாக.

இப்போது நடத்தைக்கு வருகிறேன், அதுதானே உங்களுக்கு வேண்டும்? ஆமாம், ஏர்ல் கத்துவார். பார்வையாளர்களோடு சண்டை போடுவார், நடுவரிடம் எகிறுவார். கையில் கனமான பட்டை கட்டிக்கொண்டு, கியூவுக்கு, அதாவது ஆடும் கோலுக்கு, நீட்டிப்பு மாட்டிக்கொண்டு வருவார். சத்தம் தொந்தரவு செய்கிறது என்று காதை மூடிக்கொண்டும் ஆடியிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் கெக்கெபிக்கே என்று சிரித்தது. 2002இல் கார்டிஃப் உலக இறுதியாட்டம் ஞாபகம் இருக்கிறதா? எதிரில் பிரான்சிஸ்கோ பஸ்டமான்டே. போட்டி நடக்கும்போதே அவருடைய கைக்குழந்தை இறந்துபோனது. அந்தத் துக்கத்தோடு ஆடிக்கொண்டிருந்தார். அரங்கத்தில் ஒருத்தர் மனசாவது ஏர்ல் பக்கம் இருந்திருக்குமா? என் மனசே இல்லை. அப்படிப்பட்ட அறையில் ஒரு மனிதன் 17-15 என்று ஜெயித்தான். மேசைக்குத் துக்கம் தெரியாது, கைதட்டலும் தெரியாது. 1996இல் நான் இருக்கிற இந்த டல்லாஸில் தொடர்ந்து பத்து ரேக் அடித்தால் பத்து லட்சம் டாலர் என்றார்கள். பதினொன்று அடித்தார். காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்து, வழக்காகி, பேசி முடிக்க வேண்டியதாயிற்று. நமக்கு நடந்திருந்தால் நாம் எப்படிப் பேசுவோம் என்று யோசித்துப் பாருங்கள். பூச்செண்டா கொடுப்போம்?

சரி, சொல்லிவிடுகிறேன். எங்கள் செவ்வாய்க்கிழமை லீக் கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், ஒரு பக்கமாக. மறு பக்கம் இது. கடைசி ரேக். ஏழாம் எண் நீளமான குஷனை ஒட்டி, எட்டு நடுக்குழிக்குப் பக்கத்தில், ஒன்பது குழி வாயிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஏழைப் போட்டால் மிச்சம் தானாக வரும். குனிந்து, கியூவைப் பின்னால் இழுக்கிறேன்; முதுகுக்குப் பின்னால் சர்ரென்று சிப்ஸ் பாக்கெட் பிரிகிறது. ஏழு குழியின் விளிம்பில் தட்டித் தட்டி வெளியே வந்து நின்றது. கத்தினேன். ஒப்புக்கொள்கிறேன், சொல்லக் கூடாத ஒரு வார்த்தையும் சொன்னேன், அதுவும் தமிழில், அங்கே இருந்த இரண்டு பேருக்கு மட்டும் புரிகிற மாதிரி. மறுநாள் வாட்ஸாப் குழு அமைதியாக இருந்தது. அடுத்த வாரமும் அமைதி. மூன்றாம் வாரம்தான் தெரிந்தது, நான் இல்லாமல் புதுக் குழு ஆரம்பித்துவிட்டார்கள் என்று. அந்த சீசனில் அணியில் அதிக ரேக் ஜெயித்தவன் நான். அதை ஒருத்தரும் சொல்லவில்லை. “நல்லா ஆடுவாரு, ஆனா...” என்றுதான் சொன்னார்களாம்.

இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாமா கேரம் ஆடுவார். போரிக் பவுடர் அதிகம் போட்டாலும் திட்டு, குறைவாகப் போட்டாலும் திட்டு. சிவப்பைத் தவறவிட்டால் பலகையைப் பிடித்து ஆட்டிவிடுவார். தெருவில் அவரோடு ஆட அத்தனை பேரும் பயந்தார்கள். ஆனால் தெருவிலேயே யார் பெரிய ஆட்டக்காரர் என்று கேட்டால், அவரிடம் திட்டு வாங்கியவனே முதல் ஆளாக அவர் பெயரைச் சொல்வான். அந்த நேர்மைகூட முகநூலில் இல்லை என்றால் என்ன செய்வது.

“விளையாட்டு வீரன் குழந்தைகளுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டாமா?” என்று ஒருத்தர் கமென்ட்டில் வருவார், எனக்கு இப்போதே தெரியும். இருக்கட்டும் ஐயா. அதற்குத் தனிப் பட்டியல் போடுங்கள், நானே பகிர்கிறேன்.

பட்டியல் போட்ட தம்பிக்கு: ஏழாவது என்றே வைத்துக்கொள், எனக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை இருக்கிறது, ஆனால் விடு. அந்த ‘ஆனால்’ஐயும் மூன்று புள்ளியையும் மட்டும் எடுத்துவிடு. செவ்வாய்க்கிழமை நான் வழக்கம்போல ஹாலுக்கு வருவேன், கடைசி மேசையில் தனியாக ரேக் போட்டுக்கொண்டிருப்பேன். வந்தால் பேசலாம். சிப்ஸ் வேண்டாம்.