பேட்டரி ஜெயிக்கலாம், பங்கு வாங்கியவர்?

திட நிலை பேட்டரி செய்யப்போவதாகச் சொல்லும் ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கச் சொல்லி நண்பர் ஒருவர் விடாமல் நச்சரிக்கிறார். "இன்னும் விற்பனையே தொடங்கலை, அதனாலதான் இவ்வளவு மலிவு" என்கிறார். விற்பனையே இல்லாத ஒன்றை மலிவு என்று எதை வைத்துச் சொல்கிறார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

தொழில்நுட்பத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. இன்றைய லித்தியம் அயனி பேட்டரிக்குள் இருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது. அந்த இடத்தில் பீங்கான் மாதிரி ஒரு திடப்பொருளை வைத்து, ஒரு முனையில் இருக்கும் கிராஃபைட்டுக்குப் பதில் லித்தியம் உலோகத்தையே பயன்படுத்த முடிந்தால், அதே எடையில் கூடுதல் மின்சாரத்தைச் சேமிக்கலாம். ஆனால் சார்ஜ் ஏறும்போது லித்தியம் ஊசி ஊசியாக முளைத்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல்களில் புகுந்து மறுமுனையைத் தொட்டுவிட்டால் ஷார்ட்தான். ஆய்வகங்கள் பல ஆண்டுகளாக மல்லுக்கட்டுவது இதோடுதான்.

நண்பர் அனுப்பும் செய்திக்குறிப்புகளில் சதவீதங்கள் அழகாக இருக்கும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். உபரி லித்தியம் வைக்காத ஒரு செல்லில் (பேட்டரித் தொகுப்பின் ஓர் அலகு), ஒவ்வொரு சார்ஜிலும் 99.9 சதவீத லித்தியம் பத்திரமாகத் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க பிரமாதம். 1000 முறை சார்ஜ் செய்தபின் மிஞ்சுவது சுமார் 37 சதவீதம். அதுவே 99.99 என்றால் 90 சதவீதம் மிஞ்சும். கடைசியில் இருக்கும் அந்த ஒற்றை 9-தான் கார் பேட்டரியையும் காட்சிப்பொருளையும் பிரிக்கிறது. அப்புறம் செல்லின் அளவு என்ன, எத்தனை அடுக்கு, எவ்வளவு அழுத்தத்தில், எந்த வெப்பநிலையில் சோதித்தார்கள் என்று தேடினால், பெரும்பாலும் அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

சரி, எல்லாம் வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஏ123 சிஸ்டம்ஸ் ஞாபகம் இருக்கிறதா? 2009-ல் அமெரிக்கப் பங்குச்சந்தைக்கு வந்த பேட்டரி நிறுவனம். அரசே 249 மில்லியன் டாலர் மானியம் அறிவித்தது. 2012-ல் ஓர் ஆலையில் செய்த செல்களில் குறை கண்டுபிடிக்கப்பட, மாற்றிக் கொடுக்கும் செலவு மட்டும் 55 மில்லியன் டாலர் என்றார்கள். அதே ஆண்டு திவால். கடைசியில் ஒரு சீன நிறுவனம் வாங்கிக்கொண்டது. அவர்கள் நம்பிய வேதியியல் தோற்கவே இல்லை. அந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி இன்று உலகம் முழுக்க மின்சாரக் கார்களில் ஓடுகிறது. அந்தப் பங்கை வைத்திருந்தவர்களுக்குத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை.

திவாலாகாமலே கையைச் சுடும் கதையும் உண்டு. திட நிலை பேட்டரி செய்ய முயலும் அமெரிக்க நிறுவனமான குவாண்டம்ஸ்கேப்பின் பங்கு விலை 2020 டிசம்பரில் 130 டாலரைத் தாண்டியது. 2022 முடிவதற்குள் 10 டாலருக்கும் கீழே. இத்தனைக்கும் நிறுவனம் மூடப்படவில்லை, ஆராய்ச்சியும் நிற்கவில்லை.

விற்பனை இல்லாத நிறுவனம் சம்பளத்துக்கும் இயந்திரங்களுக்கும் எங்கே போகும்? புதுப் பங்குகளை வெளியிட்டுத்தான் பணம் திரட்டும். ஒவ்வொரு முறையும் நம்முடைய பங்கு மெலிந்துகொண்டே வரும். இன்னொரு பக்கம், எட்டிப் பிடிக்க வேண்டிய விலையும் சும்மா இருப்பதில்லை. லித்தியம் அயனி பேட்டரித் தொகுப்பின் சராசரி விலை 2010-ல் கிலோவாட் மணிக்கு 1000 டாலருக்கு மேல். 2024-ல் ப்ளூம்பெர்க் ஆய்வுப்படி 115 டாலர். புதியவர் ஆலை கட்டி முடிப்பதற்குள் பழையவர் இன்னும் இறங்கியிருப்பார்.

1991-ல் சோனியும் இப்படித்தானே புது பேட்டரியோடு வந்தது என்கிறார் நண்பர். உண்மைதான். ஆனால் சோனிக்குக் கேமராவும் மற்ற சாதனங்களும் விற்ற வருமானம் இருந்தது. பேட்டரியை வாங்கிக்கொள்ளும் வாடிக்கையாளரும் தன் வீட்டிலேயே இருந்தார்.

நான் இப்போது வாங்கப்போவதில்லை. ஏதாவது ஒரு கார் நிறுவனம், சோதனைக்காகத் தரும் சாம்பிள் செல்களோடு நின்றுவிடாமல், காசு கொடுத்து வாங்கி விற்பனைக் காரில் பொருத்தட்டும். ஆலையில் செய்யும் நூறு செல்லில் எத்தனை தேறுகிறது என்று அறிக்கையில் வரட்டும். அதற்குள் பங்கு விலை இரண்டு மடங்காகிவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். ஆகட்டும், அந்த விலைக்கே வாங்கிக்கொள்கிறேன்.