காம்பி பாய்லருக்கு மாறும் முன் தண்ணீர் வரத்தைப் பாருங்கள்

சிறிய வீட்டில் வெந்நீர்த் தொட்டியை எடுத்துவிட்டு காம்பி பாய்லர் (அறைகளைச் சூடாக்குவதையும் குழாயில் வெந்நீர் தருவதையும் சேர்த்தே செய்யும் எரிவாயுக் கருவி) வைத்தால் இடம் மிச்சம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது சரிதான். தொட்டி இருந்த அலமாரி முழுக்கக் காலியாகும், தேங்கிய தண்ணீரைச் சூடாகவே வைத்திருக்கும் செலவும் போகும். ஆனால் அந்தக் கட்டுரையில் தண்ணீர் வரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குக் கவலையாக இருக்கிறது.

குழாயைத் திறந்த பிறகுதான் காம்பி தண்ணீரைச் சூடாக்கத் தொடங்கும். 24 கிலோவாட் பாய்லர், தண்ணீரின் வெப்பநிலையை 35 டிகிரி உயர்த்த வேண்டுமானால் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர்தான் தரும். ஒரு ஷவருக்கு அது தாராளம். அதே நேரம் சமையலறையிலும் வெந்நீரைத் திறந்தால் ஷவர் மெலிந்துவிடும். வீட்டுக்குள் வரும் தண்ணீரே நிமிடத்துக்கு 8 லிட்டர்தான் என்றால், எவ்வளவு பெரிய பாய்லர் வாங்கியும் பயனில்லை. ஒரு வாளியும் கடிகாரமும் இருந்தால் போதும், நீங்களே அளந்துவிடலாம்.

அப்புறம், அந்த 24 கிலோவாட் வெந்நீருக்கான கணக்கு. சிறிய வீட்டின் ரேடியேட்டர்களுக்கு (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகடுகள்) அவ்வளவு தேவையே இல்லை. அதனால் பாய்லர் எவ்வளவு குறைந்த அளவில் எரியும் என்று கட்டாயம் கேளுங்கள். போதிய அளவு குறையாத பாய்லர் அடிக்கடி அணைந்து அணைந்து எரியும், எரிவாயு வீணாகும். ரேடியேட்டரிலிருந்து திரும்பும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவியின் வெப்பமும் நமக்குக் கிடைக்கும். அதற்கேற்ப, பாய்லர் ரேடியேட்டருக்கு அனுப்பும் தண்ணீரின் வெப்பநிலையைக் குறைத்து வைக்கப் பொருத்துபவரிடமே சொல்லுங்கள்.

ரேடியேட்டர்களின் பழைய குழாய்களைக் கழுவாமல் புதுப் பாய்லரை மாட்ட மட்டும் விடாதீர்கள். உள்ளே படிந்த துருச்சேறு, பாய்லருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் பகுதியான வெப்பமாற்றியை அடைத்துவிடும்.