பழுது பார்ப்பதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா?

நண்பர் ஒருவர் இரண்டு நாள் முன்பு இன்பாக்ஸில் ஒரு காரின் படங்களை அனுப்பியிருந்தார். ஐந்து வயது வண்டி, ஓடிய தூரமும் குறைவு, பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. அதே வருடத்து அதே மாடலைவிட 30 சதவீதம் விலை குறைவு. கடைசி வரியில்தான் விஷயம் வந்தது: "ஒரு தடவை இன்சூரன்ஸ்ல டோட்டல் லாஸ் போட்ட வண்டியாம். எல்லாத்தையும் சரி பண்ணிட்டாங்களாம். வாங்கலாமா?"

ஒரு வரியில் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. அப்படிப்பட்ட ஒரு வண்டியில் 14 மாதம் என் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனவன் நான். அதனால் இங்கேயே விரிவாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் ஒன்று. டோட்டல் லாஸ் என்றாலே அப்பளமாக நொறுங்கிய வண்டி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது பணக் கணக்கை வைத்து எடுக்கும் முடிவு. பழுது பார்க்க ஆகும் செலவையும் வண்டியின் அன்றைய மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். செலவு ஒரு அளவைத் தாண்டினால், உரிமையாளருக்கு வண்டியின் மதிப்பைக் கொடுத்துவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனி வண்டியை எடுத்துக்கொள்ளும். அந்த அளவும் இடத்துக்கு இடம் மாறும். இந்தியாவில் பாலிசியில் வண்டியின் மதிப்பாகப் போட்டிருக்கும் தொகையில், ஐடிவி என்பார்கள், 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில் 60 சதவீதம், பக்கத்திலேயே இருக்கும் டெக்சாஸில் 100 சதவீதம். ஒரே மாதிரி அடி வாங்கிய இரண்டு வண்டிகளில் ஒன்றுக்கு இந்த முத்திரை விழும், இன்னொன்றுக்கு விழாது.

அதனால் பத்து பன்னிரண்டு வயதான வண்டி என்றால், இரண்டு கதவும் ஒரு ஹெட்லைட்டும் போனாலே டோட்டல் லாஸ் ஆகிவிடலாம். ஆலங்கட்டி மழையில் கூரை முழுக்கக் குழி விழுந்த வண்டிக்கும் அதே கதிதான். திருடுபோய், இழப்பீடு கொடுத்து முடித்த பிறகு கிடைத்த வண்டிகூட இந்தக் கூட்டத்தில் இருக்கும். மறுபக்கம், விலை உயர்ந்த புது வண்டி முன்பக்கம் மொத்தமாக உள்ளே போயிருந்தாலும் கணக்குப்படி பழுது பார்த்தே ஓட்டுவார்கள், அதன் காகிதத்தில் ஒரு புள்ளிகூட இருக்காது.

ஆகவே முத்திரை விழுந்த வண்டி எல்லாமே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு உறுத்துவது வேறு ஒரு கணக்கு.

இன்சூரன்ஸ் கம்பெனி தினமும் இதே வேலையாக இருக்கிற இடம். முறையான பாகம், முறையான கூலி போட்டால் இந்த வண்டியைச் சரி செய்வது கட்டுப்படியாகாது என்று முடிவு செய்து ஏலத்தில் விடுகிறார்கள். ஏலத்தில் எடுத்தவர் அதைச் சரி செய்து, சந்தை விலைக்கும் குறைவாக விற்று, அதிலும் லாபம் பார்க்கிறார். கம்பெனிக்குக் கட்டுப்படியாகாதது இவருக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியானது? எங்கேயோ செலவு குறைந்திருக்கிறது. எங்கே?

நியாயமாகக் குறைப்பதற்கும் வழி இருக்கிறது. சொந்தமாக டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவருக்குக் கூலி மிச்சம். அதே மாடலில் உடைத்த வண்டியிலிருந்து நல்ல கதவு, நல்ல பேனட் கழற்றிப் போட்டால் பாகச் செலவு பாதியாகும். இப்படி நேர்மையாகச் சரி செய்து விற்கிறவர்கள் உண்டு. அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் செலவைக் குறைக்க இன்னும் சுலபமான வழி, வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைப்பது. கண்ணுக்குத் தெரியாத இடம் எது? விபத்து நடந்தால் மட்டுமே வேலை செய்கிற பாகங்கள்.

என் வண்டிக் கதைக்கு வருகிறேன். விற்றவர் டோட்டல் லாஸ் என்பதை மறைக்கவில்லை. "முன்னாடி பம்பர்ல லேசா அடி, பழைய வண்டிங்கிறதால டோட்டல் லாஸ் போட்டுட்டாங்க" என்றார். நம்பினேன். ஓட்டிப் பார்த்தேன், நேராகப் போனது, ஏசி குளிர்ந்தது. வாங்கிவிட்டேன்.

முன்பக்க இடது டயர் உள்பக்கமாகத் தேய ஆரம்பித்தது. கை வைத்துத் தடவினால் ரம்பப் பல் மாதிரி இருந்தது. வீல் அலைன்மென்ட் செய்தேன். டயர் மாற்றினேன். மறுபடி அதே தேய்மானம். மூன்றாவது தடவை போனபோது அங்கிருந்த மெக்கானிக் அண்ணன் மெஷினில் எண்ணைப் பார்த்துவிட்டு, "இது அலைன்மென்ட் பிரச்சனை இல்லை தம்பி, லிஃப்ட்ல ஏத்திப் பார்ப்போம்" என்றார்.

லிஃப்டில் வண்டி மேலே போனதும் டார்ச் அடித்துக் காட்டினார். இன்ஜினைத் தாங்குகிற நீள இரும்புப் பெட்டி, ரெயில் என்பார்கள், இடது பக்கத்தில் துணியைக் கசக்கி விரித்தது போல மடிப்பு மடிப்பாக இருந்தது. மேலே கறுப்புக் கோட்டிங் தடிமனாக அடித்திருந்தார்கள். ஸ்க்ரூடிரைவர் முனையால் அவர் சுரண்டியதும் பட்டி பொரிந்து கீழே கொட்டியது. மடங்கியதை இழுத்து நிமிர்த்தி, பட்டி பூசி, பெயின்ட் அடித்து மூடியிருக்கிறார்கள்.

அப்புறம் அவர் செய்ததுதான் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. வண்டியைக் கீழே இறக்கி, சாவியை ஆன் வரை மட்டும் திருப்பினார், ஸ்டார்ட் செய்யவில்லை. "ஏர்பேக் லைட்டை மட்டும் பாருங்க" என்றார். பொதுவாக அந்த விளக்கு எரிந்து, சில நொடிகளில் தானாக அணைந்துவிடும். ஆயில் விளக்குதான் இன்ஜின் ஓடும்வரை எரியும். என் வண்டியில் இரண்டுமே எரிந்துகொண்டே இருந்தன. ஸ்டார்ட் செய்ததும் இரண்டும் ஒரே நொடியில் அணைந்தன. ஏர்பேக் விளக்கின் வயரை ஆயில் விளக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஸ்கேனரை மாட்டினால் ஏர்பேக் பகுதி முழுக்கப் பிழைக் குறி. கிளவ்பாக்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தோம். பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. டேப் சுற்றிய ஒரு கனெக்டர் மட்டும் தொங்கியது.

14 மாதமாக அந்த சீட்டில் உட்கார்ந்து வந்தவர் என் அம்மா.

நாங்கள் தப்பித்தோம், அவ்வளவுதான். தப்பிக்காதவர்களும் இருக்கிறார்கள். ஏர்பேக்கே இல்லாதது ஒரு ஆபத்து என்றால், போலி ஏர்பேக் அதைவிடக் கொடுமை. அதை விரிய வைக்கிற இன்ஃப்ளேட்டர் என்ற பாகம் கண் இமைப்பதற்குள் வாயுவை நிரப்பியாக வேண்டும். தரமில்லாதது வெடித்தால் அதன் உலோகத் துண்டுகளே உட்கார்ந்திருப்பவர் மார்பிலும் கழுத்திலும் பாயும். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2024 ஜூலையில் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. அதற்கு முந்தைய 9 மாதங்களில் இப்படி 3 பேர் இறந்திருந்தார்கள், 2 பேர் வாழ்க்கையையே மாற்றிப்போட்ட காயங்களோடு பிழைத்தார்கள். அந்த வண்டிகள் எல்லாமே முன்பு விபத்தில் சிக்கி, அசல் ஏர்பேக் போய், மலிவான மாற்றுப் பாகம் போடப்பட்டவை.

உடல் பகுதிக்கும் இதே கதைதான். வண்டியின் முன்பகுதியும் பின்பகுதியும் நசுங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை, 1959-இல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ111-இலிருந்தே இந்த முறை உண்டு. முன்பகுதி கணக்காக நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும், உள்ளே ஆள் உட்காரும் கூடு நிலைத்து நிற்கும். ஒருமுறை நசுங்கிய ரெயிலை நிமிர்த்தினால் பார்க்க நேராக இருக்கும். அடுத்த மோதலில் எங்கே மடங்கும், எவ்வளவு வேகத்தில் மடங்கும் என்பது யாருக்கும் தெரியாது. இப்போதைய வண்டிகளின் கதவுத் தூண்களில் போரான் ஸ்டீல் என்ற மிக வலுவான இரும்பு வருகிறது. அதைச் சூடாக்கி நிமிர்த்தினால் அந்த வலுவே போய்விடும், புதிதாக மாற்றத்தான் வேண்டும். கேஸ் வெல்டிங் நெருப்பு பட்ட தூணும் படாத தூணும் பெயின்ட் அடித்தபின் ஒன்றுபோலத்தான் தெரியும்.

டெக்சாஸில் 2013-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தம்பதி 2010 மாடல் ஹோண்டா ஃபிட்டைப் பழைய வண்டியாக வாங்கியிருந்தார்கள். அது டோட்டல் லாஸ் வண்டிகூட இல்லை. ஆலங்கட்டி மழையில் அடிபட்ட கூரையை முந்தைய உரிமையாளர் காலத்தில் மாற்றியிருந்தார்கள், அவ்வளவே. ஆனால் வெல்டிங் வைக்க வேண்டிய கூரையைப் பட்டறையில் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். எதிரே வந்த வண்டி மோதியபோது அந்தக் கூடு தாங்கவில்லை, தீப்பிடித்த வண்டிக்குள் இருவரும் படுகாயமடைந்தார்கள். 2017-இல் நடுவர் குழு அந்தப் பட்டறைக்கு எதிராக 3 கோடியே 15 லட்சம் டாலர் இழப்பீடு என்று தீர்ப்புச் சொன்னது. விபத்து நடக்கும்வரை அந்தக் கூரையைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது.

சரி, சட்டம் என்ன செய்கிறது? பிரிட்டனில் டோட்டல் லாஸ் வண்டிகளை வகை பிரிப்பார்கள். அதில் முன்பு சி, டி என்று செலவுக் கணக்கை வைத்துப் பிரித்திருந்ததை 2017 அக்டோபரில் மாற்றினார்கள். இப்போது ஏ என்றால் வண்டி மொத்தமும் நொறுக்கப்பட வேண்டும், பி என்றால் பாகங்களைக் கழற்றலாம், கூட்டை நொறுக்க வேண்டும், 'எஸ்' (S) என்றால் கூட்டிலேயே சேதம், 'என்' (N) என்றால் கூட்டில் சேதம் இல்லை. இந்த 'எஸ்', 'என்' இரண்டு வகையும் மறுபடி சாலைக்கு வரலாம். 'என்' வகை என்று பார்த்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள், பிரேக்கோ ஸ்டியரிங்கோ போன வண்டியும் அதில் வரலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2011-இல் இன்னும் ஒரு படி மேலே போய், சில விதிவிலக்குகள் தவிர, இப்படிப்பட்ட வண்டிகளை மறுபடி பதிவு செய்வதையே நிறுத்தியது. எனக்கு அது சரியாகவே படுகிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு என்பதால், ஒரு மாநிலத்தில் விழுந்த முத்திரை இன்னொரு மாநிலத்தில் பதிவு மாற்றும்போது மறைந்துபோகும் கூத்து நடந்தது. இதைத் தடுக்கத்தான் 1992-இல் சட்டம் போட்டு நாடு முழுவதுக்கும் ஒரே தகவல் தொகுப்பை உருவாக்கத் தொடங்கினார்கள். 2005-இல் கத்ரீனா புயலில் மூழ்கிய வண்டிகள் எங்கெங்கோ விற்பனைக்கு வந்த அனுபவமும் அவர்களுக்கு உண்டு.

தண்ணீர் ஏறிய வண்டியைப் பற்றி என் கருத்து ஒரே சொல்: வேண்டாம். அடிபட்ட வண்டியையாவது அளந்து பார்க்கலாம். வயரிங்கிலும் கனெக்டரிலும் புகுந்த தண்ணீர் மாதக்கணக்கில் மெல்ல அரிக்கும், எப்போது எது நிற்கும் என்று சொல்ல முடியாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கோடு இருக்கும். கார்ப்பெட்டை மாற்றுகிறவர்கள் பெல்ட்டை மறந்துவிடுவார்கள்.

அப்படியானால் எதைத்தான் வாங்கலாம்? என் அளவில் ஒரே ஒரு நிபந்தனை. பழுது பார்ப்பதற்கு முன் எடுத்த படங்கள் வேண்டும். இன்சூரன்ஸ் ஏலத்தில் பொதுவாகப் படம் எடுக்காமல் வண்டியை விற்பதில்லை. ஏலத்தில் எடுத்தவரிடம் அது பெரும்பாலும் இருந்திருக்கும். நேர்மையாகச் சரி செய்தவர் தன் வேலையைக் காட்டவே ஆசைப்படுவார். எங்கே அடி, ஏர்பேக் விரிந்திருந்ததா, எந்தப் பாகம் மாற்றியது, பில் எங்கே என்று படத்தைப் பார்த்தே கேட்கலாம். "படமெல்லாம் இல்லைங்க, வண்டியைப் பாருங்க" என்கிறவரிடம் வண்டியைப் பார்க்காமலே திரும்பி வந்துவிடுங்கள்.

படம் கிடைத்த பிறகும் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும், விற்பவருக்கு வேண்டப்பட்ட பட்டறையில் வேண்டாம். வின் நம்பர் என்கிற, வண்டியின் அடையாளமான அந்த 17 எழுத்து-எண் கண்ணாடிக்கு அடியிலும் கதவுத் தூணிலும் காகிதத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வாங்குவதற்கு முன்பே உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் இந்த வண்டிக்கு முழு பாலிசி தருவார்களா என்று கேளுங்கள். சிலர் தரமாட்டார்கள், தந்தாலும் நாளைக்கு இழப்பீடு குறைவாகத்தான் வரும். நீங்கள் விற்கப் போகும்போதும் இதே தள்ளுபடியை உங்களிடமும் கேட்பார்கள்.

என் வண்டியை வேறு யாருக்கும் ஓட்ட விற்கவில்லை. மனது வரவில்லை. பாகம் பாகமாக உடைக்கிற இடத்தில், சாலைக்கு வராது என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தேன். கிடைத்த பணம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. விற்றவரைக் கேட்டேன், "இருக்கிற நிலையில் வாங்கிக்கொள்கிறேன்" என்று நான் போட்ட கையெழுத்தைக் காட்டினார்.

நண்பரிடம் படம் கேட்கச் சொல்லியிருந்தேன். இன்று மதியம் விற்பவர் 11 படங்கள் அனுப்பியிருக்கிறார், அந்த மட்டில் நல்ல மனிதர். வலது பக்கக் கதவுகளில் அடி, தூண் நேராகத் தெரிகிறது. ஏழாவது படத்தில் பக்கவாட்டு ஏர்பேக் விரிந்து, வெள்ளைத் துணி ஜன்னல் ஓரமாகத் தொங்குகிறது. அனுப்பிய பில்களில் இரண்டு கதவும் கண்ணாடியும் பெயின்ட்டும் இருக்கின்றன, அந்த ஏர்பேக் இல்லை. அதற்கான பில்லைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பில் வரும்வரை அட்வான்ஸ் கொடுக்க மாட்டேன் என்று நண்பர் சொல்லியிருக்கிறார்.