சிறுத்தையை வெட்டியதுதான் தப்பு

ஆங்கில எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸின் விண்வெளி நகைச்சுவைக் கதை 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி' 2005இல் படமாக வந்த நாளிலிருந்து அதன் ரசிகர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். நாவலைக் கெடுத்துவிட்டார்கள் என்கிறது ஒரு கட்சி. ஆடம்ஸே எழுதிய திரைக்கதைதானே, கேட்க நீங்கள் யார் என்கிறது இன்னொன்று. இரண்டு கட்சியும் சண்டை போடவேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ போடுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

மூலத்தை மாற்றிவிட்டார்கள் என்கிறார்களே, எந்த மூலத்தை? 1978 மார்ச்சில் பிபிசி ரேடியோ 4இல் நாடகமாகப் பிறந்த கதை இது. அடுத்த வருடம் நாவல், 1981இல் டிவி தொடர், 1984இல் கம்ப்யூட்டர் கேம். ஒவ்வொரு முறையும் ஆடம்ஸ் கதையை மாற்றினார். ரேடியோவுக்காக ஜான் லாய்டோடு சேர்ந்து எழுதிய பகுதிகளில் பெரும்பாலானதை நாவல்களில் அவரே தூக்கிவிட்டார்.

அதனால் புதிதாகச் சேர்த்தவற்றின் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஜான் மால்கோவிச் நடித்த ஹம்மா கவுலா என்ற பாத்திரமும், யாரைச் சுடுகிறோமோ அவருக்கு நம் மனதைப் புரியவைக்கும் துப்பாக்கியும் நாவலில் இல்லை என்று எத்தனை திட்டு! இரண்டுமே இந்தப் படத்துக்காக ஆடம்ஸ் யோசித்தவை. கடைசியில், எப்போதும் சோர்ந்தே கிடக்கும் ரோபோ மார்வின் அந்தத் துப்பாக்கியால் வோகான்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகளைச் சுட, அவனுடைய விரக்தி தொற்றி அத்தனை பேரும் சுருண்டு விழுகிறார்கள். இதைவிடப் பொருத்தமான சண்டைக்காட்சி இந்தக் கதைக்கு அமையாது. கதாநாயகன் ஆர்தரின் நண்பன் ஃபோர்டாக அமெரிக்கர் நடிக்கலாமா என்ற சண்டையும் வீண்தான். அவன் வேற்றுக்கிரகவாசி, எந்த ஊர் உச்சரிப்பில் பேசினால் என்ன?

என் வருத்தம் வசனத்தில்தான். ஆர்தரின் வீட்டை இடித்துப் புறவழிச்சாலை போட வருகிறார்கள். திட்டத்தைப் பார்வைக்கு வைத்திருந்தோமே என்கிறார் அதிகாரி. நாவலில் ஆர்தர் சொல்லும் பதில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதைப் பார்க்க நிலவறைக்குப் போகவேண்டியிருந்தது, அங்கே விளக்கு இல்லை, படிக்கட்டும் இல்லை. பூட்டிய அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது, அலமாரி இருந்ததோ புழங்காத கழிப்பறையில், அதன் கதவில் சிறுத்தை இருக்கிறது ஜாக்கிரதை என்று ஒரு பலகை. படத்தில் நிலவறையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சிறுத்தை வரைக்கும் போனால்தானே அது நகைச்சுவை! நிலவறையோடு நிறுத்தினால் வெறும் புகார். ஆடம்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய எம்.ஜே. சிம்சன் இந்தப் படத்தைக் கடுமையாகத் திட்டி மிக நீண்ட விமர்சனம் எழுதினார். அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. நல்ல வசனங்களைப் பாதியில் நறுக்கிவிட்டார்கள் என்று அவர் கொதித்தது மட்டும் முழுக்க நியாயம்.

முழுதாக விட்ட இடத்தில் படம் எப்படி ஜொலிக்கிறது பாருங்கள். ஆகாயத்தில் திடீரென்று உருவாகி விழுந்துகொண்டே இருக்கும் திமிங்கலம், தன் வாலுக்குப் பெயர் தேடி, வீசும் காற்றுக்குப் பெயர் தேடி, கடைசியில் வேகமாக நெருங்கிவரும் தரையோடு நட்பாகலாமா என்று யோசிக்கிறது. அந்தப் பேச்சுக்குப் படம் அவசரமில்லாமல் இடம் கொடுக்கிறது. சிரிப்பும் வருகிறது, நெஞ்சையும் அடைக்கிறது.

காதல் கதையைப் பற்றி ஒரு வரி போதும். ஆர்தருக்கு அவன் விரும்பும் பெண் டிரில்லியன் கிடைத்துவிட்டால், அப்புறம் அவன் எதையுமே ஜெயிக்காத ஆர்தர் இல்லை.

சரி, ஆடம்ஸே எழுதியதுதானே என்கிற கட்சிக்கு வருவோம். அவர் 2001 மே மாதம், 49 வயதில் இறந்துபோனார். திரைக்கதையை முடித்தவர் கேரி கிர்க்பாட்ரிக். படப்பிடிப்பு, எடிட்டிங் எதிலும் ஆடம்ஸ் இல்லை. ரேடியோவின் இரண்டாம் தொடரில் ஒலிப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே பக்கங்களை எழுதிக் கொடுத்த மனிதர் அவர். கடைசி நிமிடம் வரை வாக்கியத்தை விடாதவர். எடிட்டிங் அறையில் அவர் உட்கார்ந்திருந்தால் ஹம்மா கவுலாவையே கூடத் தூக்கியிருக்கலாம். அந்தச் சிறுத்தையை விட்டுக்கொடுத்திருப்பார் என்று மட்டும் என்னால் நம்பவே முடியவில்லை.