டயர் அளவை விடக் காற்றுதான் முக்கியம்

மஹிந்திரா தார் ஜீப்பின் உயரத்தை 2 அங்குலம் தூக்கிவிட்டால் 33 அங்குல டயர் தாராளமாகப் போடலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். போடலாம், சரி. முதலில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பாருங்கள். என் வண்டியில் டயர் உரசி, உள்பக்க பிளாஸ்டிக்கைச் சுருள் சுருளாகச் சீவிவிட்டது. கம்பெனி டயர் ஏறத்தாழ 31 அங்குலம். 33 போட்டால் மீட்டர் 80 காட்டும்போது வண்டி 85-ல் போகும். இழுவையும் மந்தம்தான்.

ராமநாதபுரம் பக்கம் அரியமான் கடற்கரை மணலில் வண்டி புதைந்த அன்று கரைவலை இழுக்கும் மீனவர்கள் நாலு பேர் தள்ளியும் அசையவில்லை. "காத்த எறக்குங்க தம்பி" என்றார் ஒரு பெரியவர். நாலு டயரிலும் காற்றழுத்தத்தை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினேன், மெதுவாக ஏறி வந்துவிட்டது. ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் காற்றை ஏற்றுங்கள். அப்புறம், உப்புத் தண்ணீர் பட்டால் அன்றைக்கே அடிப்பாகத்தைக் கழுவிவிடுங்கள்.