ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்று கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா?

புல்பப் ரைஃபிள் பற்றிய ஞாயிற்றுக்கிழமை நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதப்போகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள், அதில் நாற்பது விநாடியை மட்டும் வெட்டி, சிரிப்புச் சத்தம் சேர்த்துச் சுற்ற விட்டிருக்கிறார்களே, அதைப் பார்த்திருப்பீர்கள். அந்த "ஸ்பிரிங் தாத்தா" நான்தான். வணக்கம்.

எனக்குக் கோபம் இல்லை. கோபத்தில் எழுதக் கூடாது என்றுதான் இரண்டு நாள் சும்மா இருந்தேன்.

நான் கேட்டது ஒரே கேள்வி. இந்த புல்பப் ரைஃபிளை இன்றைக்கு வாங்கினால், பதினைந்து வருஷம் கழித்து இதற்கு எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங் (சுட்ட தோட்டாக்கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியின் ஸ்பிரிங்) எங்கே கிடைக்கும்? அதற்கு நேரலையை நடத்திய தம்பி, "சார், நாம ரைஃபிளைப் பத்திப் பேசுறோம், மெக்கானிக் கடையைப் பத்தி இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த விநாடி என் மைக் அணைந்தது. நெட்வொர்க் பிரச்சினையாம். சரி.

புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வரி. சாதாரண ரைஃபிளில் மேகசின், அதாவது தோட்டாப் பெட்டி, டிரிகருக்கு முன்னால் இருக்கும். புல்பப்பில் மேகசினும், தோட்டாவைப் பீப்பாய்க்குள் தள்ளி அடைக்கும் போல்ட்டும் டிரிகருக்குப் பின்னால், தோளில் வைக்கும் கட்டைக்குள்ளேயே போய்விடும். அதனால் பீப்பாய் நீளம் குறையாமல் துப்பாக்கி மட்டும் குட்டையாகும். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஆக் (AUG) புல்பப்பில் பீப்பாய் 508 மில்லிமீட்டர், முழு நீளமே 790 தான். அதே நீளப் பீப்பாய் உள்ள, சாதாரண வடிவ அமெரிக்க எம்16 ரைஃபிள் ஒரு மீட்டர் வரும். வண்டியிலிருந்து குதிக்கும்போதும், வீட்டுக்குள் புகும்போதும் இது எவ்வளவு பெரிய வசதி என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நேரலையில் முதல் ஐந்து நிமிஷம் நான் இதைத்தான் சொன்னேன். அது வெட்டிய துண்டில் இல்லை.

ஆனால் துப்பாக்கி வாங்குவது ஒரு நாள் வேலை. அதை ஓட்டுவது முப்பது வருஷ வேலை. அந்த முப்பது வருஷமும் ஸ்பேர் வேண்டும்.

பிரான்ஸ் நாட்டின் ஃபமாஸ் புல்பப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளின் கடைசியில் வந்தது, செய்தது செந்த் எத்தியென் நகரத்து அரசுத் தொழிற்சாலை. நல்ல துப்பாக்கி, சிப்பாய்கள் பிரியமாக "ஊதுகுழல்" என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். அதன் மேகசினை ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுவதற்காகத்தான் வடிவமைத்தார்கள். பட்ஜெட் இடிக்கவே, அதையே திரும்பத் திரும்ப நிரப்பினார்கள். தோட்டா சரியாக ஏறாமல் சிக்கும் ஃபீடிங் கோளாறு வராமல் என்ன செய்யும்? அந்த ரைஃபிள் பிரெஞ்சுக்காரர்களின் இரும்புக்கூட்டுத் தோட்டாவுக்காகவே பிறந்தது. உள்நாட்டுத் தோட்டா உற்பத்தி நின்றதும் வெளியிலிருந்து வாங்கிய பித்தளைக்கூட்டுத் தோட்டா அதற்குச் சரியாக ஒத்துவரவில்லை. 2000-களின் தொடக்கத்தில் தொழிற்சாலையும் மூடப்பட்டது. அப்புறம் கையிருப்பை வைத்து ஒட்டுப்போட்டே ஓட்டினார்கள். 2017-லிருந்து பிரெஞ்சு சிப்பாய் கையில் ஜெர்மன்காரனின் எச்கே416 ரைஃபிள். இது மெக்கானிக் கடைக் கதையா தம்பி?

அடுத்து பிரிட்டனின் எல்85 புல்பப். 1985-இல் படைக்கு வந்தது. நம் ஊர் போலீஸ் தோளில் தொங்கிய 303-க்குப் பெயர் கொடுத்த அதே என்ஃபீல்டு ஆலைதான் இதையும் செய்தது. 1988-இல் ஆலையை மூடி, உற்பத்தியை நாட்டிங்ஹாமுக்கு மாற்றினார்கள். 1991 வளைகுடாப் போரில் மணலில் அது பட்ட பாட்டை பிரிட்டிஷ் சிப்பாய்களே பக்கம் பக்கமாகப் புலம்பியிருக்கிறார்கள். கடைசியில் 2000-க்குப் பிறகு சுமார் 2 லட்சம் ரைஃபிள்களைப் பிரித்து, போல்ட், எக்ஸ்ட்ராக்டர், ஃபயரிங் பின், ஹேமர், மேகசின் என்று மாற்றினார்கள். செலவு 9.2 கோடி பவுண்டு. மாற்றியது எதை? ஸ்பிரிங்கும் பின்னும்தான். அந்த சிரிப்புச் சத்தத்தை இங்கேயும் கொஞ்சம் போடுங்களேன்.

என்னிடம் 1987 மாடல் புல்லட் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் அந்த வண்டியைச் செய்த கம்பெனி 1970 வாக்கிலேயே கடையைக் கட்டிவிட்டது. என் வண்டி இன்னும் ஓடுகிறது. கிளட்ச் பிளேட் போனால் வேலூரிலேயே வாங்குவேன். இங்கே இல்லையென்றால் சென்னை ஜி.பி. ரோடு, அங்கேயும் இல்லையென்றால் புதுப்பேட்டை. எப்படி? 1955-லிருந்தே திருவொற்றியூரில் செய்யக் கற்றுக்கொண்டோம், அவ்வளவுதான். தாய் செத்தும் பிள்ளை பிழைத்தது, வளர்த்தவர்கள் இங்கே இருந்ததால். என் தம்பி மகன் வாங்கிய வெளிநாட்டு பைக்கோ, ஒரு பிரேக் லீவருக்காக ஐந்து மாதமாகத் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. அழகான வண்டி. கோழி அதன் மேல்தான் தூங்குகிறது.

இப்போது கமெண்டில் வருவார்கள். "ஆஸ்திரியா இன்னும் ஆக் துப்பாக்கியைத்தானே வைத்திருக்கிறது, ஆஸ்திரேலியாவும் அதன் வழிவந்ததைத்தானே வைத்திருக்கிறது" என்பார்கள். ஆமாம். ஆஸ்திரியாவுக்கு அது சொந்த ஊர்ச் சரக்கு, ஆஸ்திரேலியா தன் லித்கோ ஆலையில் தானே செய்துகொண்டது. நான் சொல்வதும் அதுதான். அதே ஆக் துப்பாக்கியை வைத்திருந்த நியூசிலாந்து ஏன் எம்16 சாதிக்குப் போனது? 2019 அணிவகுப்பில் சீனா ஏன் புல்பப்பை விட்டு சாதாரண வடிவத்துக்குத் திரும்பியது? எல்லாவற்றுக்கும் ஸ்பேர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, சொன்னதாகத் திரிக்காதீர்கள். ஆனால் ஏகே-வுக்கும் எம்16-க்கும் ஒரு கம்பெனி கைவிரித்தால் இன்னொரு கம்பெனி இருக்கிறது. பெரும்பாலான புல்பப்புக்கு ஒரே தாய்வீடு.

"நம் சிறப்புப் படைகள் இஸ்ரேலின் டவோர் புல்பப் வைத்திருக்கிறார்களே?" வைத்திருக்கிறார்கள். 2002-இல் ஆர்டர் போட்டது 3,070. முதலில் வந்தவை திருப்தியாக இல்லை என்று திருத்தம் செய்து, 2006-இல் மறுபடி சோதித்த பிறகுதான் மீதி நகர்ந்தது. மூவாயிரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். மூன்று லட்சத்தை? குவாலியர் பக்கம் மாலன்பூரில் அந்தக் குடும்பத் துப்பாக்கிகளை இப்போது செய்கிறார்கள், ரொம்ப சந்தோஷம். அங்கே பூட்டுவது மட்டுமா, பீப்பாயும் போல்ட்டும் ஸ்பிரிங்குமா, எத்தனை வருஷத்துக்கு? இதைத்தானே கேட்டேன்! இதற்குத்தானே மைக் போனது!

"பிளாஸ்டிக் உடம்பு உடையாது தாத்தா" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆக் துப்பாக்கியில் ஹேமர்கூட பிளாஸ்டிக்தான், நன்றாகவே உழைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் பழைய ராணுவ ரைஃபிளான எஸ்எல்ஆரின் கட்டை விரிந்தால் ஆணி அடித்து, பசை போட்டு அடுத்த வாரத்தை ஓட்டியிருக்கிறேன். புல்பப்பில் கட்டையும் உடம்பும் ஒன்று. விரிசல் விட்டால் முழுசாக மாற்ற வேண்டும்.

இருபத்தோரு வருஷம் ராணுவத்தின் பழுதுபார்ப்புப் பிரிவான ஈஎம்இ-யில் ஆர்மரர், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவன். எந்த ரைஃபிள், எந்த டிப்போ என்று சொல்ல மாட்டேன். வடகிழக்கில் ஒரு மழைக்காலம். பன்னிரண்டு ரைஃபிளுக்கு ஒரு சின்ன ஸ்பிரிங் வேண்டும் என்று இன்டெண்ட் அனுப்பினேன். நாலு மாதம் கழித்து அதே காகிதம் "என்.ஏ." என்று திரும்பி வந்தது. நாட் அவைலபிள். என்ன செய்வேன்? இரண்டைப் பிரித்து மேய்ந்து, மீதிப் பத்துக்கு உயிர் கொடுத்தேன். லெட்ஜரில் பன்னிரண்டு. கோத்தில், அதாவது ஆயுத அறையில், பத்து. அந்த இரண்டையும் தூக்க வேண்டியிருந்த பையன்கள் அன்றிரவு என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. அவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

காலையில் முதல் ஆளாகக் கோத்தைத் திறப்பவன், எண்ணெய்க் கையோடு சாப்பிடுபவன், ரைஃபிள் சுட்டால் பெயர் சுட்டவனுக்கு, சுடாவிட்டால் பழி இவனுக்கு. அவனைக் கூட்டி வந்து உட்காரவைத்து, "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் ஐயா" என்று கேட்டுவிட்டு, சொல்ல ஆரம்பித்ததும் சிரிக்கிறீர்கள். என் பேத்தி பள்ளிக்கூடத்தில் அந்தத் துண்டைப் பார்த்திருக்கிறாள். "தாத்தா, நீங்க ஆர்மியில மெக்கானிக்கா?" என்று கேட்டாள். ஆமாம்டா கண்ணு என்றேன்.

தம்பி, அந்த வீடியோவை நீக்க வேண்டாம், இருக்கட்டும். அடுத்த ஞாயிறு கூப்பிட்டாலும் வருவேன். அதே கேள்வியைத்தான் கேட்பேன். மைக்கை அணைப்பதாக இருந்தால் பதிலைச் சொல்லிவிட்டு அணையுங்கள்.