உலையில் போடுமுன் எடுக்கும் ஒரு பிடி

"முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்." மத்தேயு 6:33. வீட்டுச் சுவரில், காலண்டரில், ஆட்டோவின் பின்கண்ணாடியில் என்று எங்கும் பார்க்கிற வசனம். பலரும் இறுகப் பிடித்துக்கொள்வது அதன் பின்பாதியை: "இவைகளெல்லாம் உங்களுக்குக் கூடக் கொடுக்கப்படும்." இதைப் படிக்கும்போதெல்லாம் என் கண் முதல் சொல்லில்தான் நிற்கிறது. எவ்வளவு கொடுக்கிறாய் என்று ஆண்டவர் கேட்பதற்கு முன்னால், எப்போது எடுத்து வைக்கிறாய் என்று கேட்கிறார்.

இதை எந்தப் பிரசங்கத்தையும்விடத் தெளிவாகக் காட்டுவது கைப்பிடி அரிசிக் காணிக்கை. மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இதைச் செய்துவருகிறார்கள். அங்கே அதன் பெயர் 'புஃபாய் தாம்'. நம் பக்கத்துச் சபைகளிலும் இந்த வழக்கம் உண்டு. சமையலுக்கு அரிசியை அளந்தாயிற்று, இன்னும் களையவில்லை. அந்த நேரத்தில் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும், அவ்வளவுதான். ஒரு பிடி சுமார் 50 கிராம். இரண்டு வேளை உலை வைத்தால் மாதம் 3 கிலோ. நூறு குடும்பம் உள்ள சபையில் 300 கிலோ.

அளந்த அரிசியிலிருந்து எடுக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். மூட்டையிலிருந்து தனியாக எடுத்துப் போட்டால் அன்றைய சோற்றில் எதுவும் குறைவதில்லை. அளந்ததிலிருந்து எடுத்தால் குறைகிறது. அந்தக் குறைவோடு அடுப்பை மூட்டுவதுதான் விசுவாசம். மாதக் கடைசியில் "மொத்தமாகச் சேர்த்து 3 கிலோ கொடுத்துவிடலாம்" என்று நினைக்கிறவர்கள் பெரும்பாலும் கொடுப்பதில்லை, ஏனென்றால் மாதக் கடைசியில் மூட்டையில் அரிசி இருப்பதில்லை.

வேதத்திலும் இதே வரிசைதான். லேவியராகமம் 23-ல் அறுப்பின் முதல் கதிர்க்கட்டைக் கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறது. அது முடியும்வரை அப்பமோ வறுத்த கதிரோ பச்சைக்கதிரோ எதையும் சாப்பிடக் கூடாது. அந்த நேரத்தில் வயலை நினைத்துப் பாருங்கள். மீதிப் பயிர் இன்னும் அறுபடாமல் நிற்கிறது. மழை வரலாம், வெட்டுக்கிளி வரலாம். களத்துக்கு எத்தனை மூட்டை வரும் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் முதல் கட்டு போகிறது. களத்தைக் கூட்டி அள்ளிய பிறகு கொடுத்தால் அது நன்றி. அதுவும் நல்லதுதான். ஆனால் முதற்பலன் வேறு.

சாறிபாத் விதவையின் வீட்டில் இதையே இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம் (1 இராஜாக்கள் 17). பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய், கையில் இரண்டு விறகு. தீர்க்கதரிசி எலியா அவளிடம் முதலில் தனக்கு ஒரு சிறிய அடை பண்ணிக் கொண்டுவரச் சொல்லுகிறார், பிறகுதான் அவளுக்கும் பிள்ளைக்கும். அவள் செய்தாள். பிறகு நடந்ததைக் கவனியுங்கள். பானை நிரம்பி வழிந்ததாக எழுதவில்லை. மா செலவழிந்துபோகவில்லை, எண்ணெய் குறைந்துபோகவில்லை என்றுதான் எழுதியிருக்கிறது. மறுநாளும் அவள் பானைக்குள் கையைவிட்டுத் தடவித்தான் மாவை எடுத்திருப்பாள். தேவன் பார்த்துக்கொள்வது பல வீடுகளில் இப்படித்தான் இருக்கிறது. அலமாரி நிறைந்திருக்காது, அடுப்பும் அணையாது.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தந்த ஆகாரமான மன்னாவும் இப்படித்தான். தலைக்கு ஒரு ஓமர், ஏறக்குறைய 2 லிட்டர் பிடிக்கிற அளவு. காலையில் போய்ப் பொறுக்க வேண்டும். வெயில் ஏறினால் உருகிவிடும். விடியும்வரை மீதி வைத்தால் பூச்சி பிடித்து நாறும். ஆனால் ஆறாம் நாளில் இரண்டு ஓமர் எடுத்து வைக்கலாம், அது கெடாது. நாளைக்காக எடுத்து வைப்பதே அவிசுவாசம் என்று சிலர் சொல்வதற்கு இங்கேயே பதில் இருக்கிறது. தேவன் சொன்ன நாளில் எடுத்து வைத்தது கெடவில்லை. பயந்து எடுத்து வைத்தது கெட்டது. பொறுக்குகிற வேலையும் அவர்களுடையதுதான். மன்னா யார் வாயிலும் நேராக வந்து விழவில்லை.

சரி, சம்பளக்காரர் எப்படிச் செய்வது? சம்பளம் வங்கியில் விழுந்த அன்றே, முதல் தவணை பிடிக்கப்படுமுன், காணிக்கையைத் தனிக் கவரிலோ தனிக் கணக்கிலோ மாற்றிவிடுங்கள். கொரிந்து சபைக்குப் பவுல் சொன்ன முறையும் அதுதான்: வாரத்தின் முதல் நாள்தோறும் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாகத் தன்னிடத்திலே சேர்த்து வைக்க வேண்டும் (1 கொரிந்தியர் 16:2). தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்று, எந்தத் தொகையில் கணக்கிடுவது என்பது அடிக்கடி வரும் கேள்வி. என் கருத்து இது. வருமான வரி கைக்கு வராத பணம், அதைக் கழிக்கலாம். பி.எப். நம் பணம்; கைக்கு வரும்போது கணக்கில் சேர்க்கலாம். ஆனால் சொசைட்டி லோன், எல்.ஐ.சி., பண்டிகை முன்பணம் எல்லாம் நம் செலவு. அவற்றைக் கழித்துவிட்டுப் பத்தில் ஒன்று போட்டால் அது மிச்சத்தில் ஒரு பங்கு. ஆட்டோ ஓட்டுகிறவருக்குக் கணக்கு வேறு: நாள் வசூல் 1,500 ரூபாய், கேஸ் 450, வண்டி வாடகை 350 என்றால் வருமானம் 700. அதில் 70 ரூபாயை அன்று இரவே எடுத்து வைத்தால் வலிக்காது. மாதக் கடைசியில் மொத்தமாக எடுக்கப் பார்த்தால் பணம் இருக்காது.

கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூட்டத்தில் கை உயர்த்தி வாக்குக் கொடுத்துவிட்டு, மூன்று வட்டிக்கு 20,000 வாங்கினால் மாதம் 600 ரூபாய் வட்டி மட்டுமே போகும். ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 சொல்கிறது. கடனில் இருக்கிறவர் 100 ரூபாயை முதலில் வைக்கட்டும், அது முதற்பலன்தான். வேலையாளின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு காணிக்கை கொண்டுவருகிறவர் யாக்கோபு 5:4-ஐ வாசித்துவிட்டு வரட்டும். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் "இது கொர்பான்", அதாவது தேவனுக்குக் கொடுத்த காணிக்கை, என்று சொன்னவர்களை இயேசு கண்டித்த இடம் மாற்கு 7. தேவனை முதலில் வைப்பது என்றால் அம்மாவின் சர்க்கரை மாத்திரையைக் கடைசியில் வைப்பது என்று பொருள் இல்லை.

தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள் என்கிற மல்கியா 3:10-ஐ வைத்து நடக்கிற பேரம் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. "ஆயிரம் விதையுங்கள், நூறு மடங்கு அறுப்பீர்கள்." அந்த வசனத்திலேயே காரணம் எழுதியிருக்கிறது: என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி. பங்கு கிடைக்காமல், ஆலயப் பணி செய்த லேவியர் அவரவர் வயலுக்கு ஓடிப்போனதை நெகேமியா 13:10-ல் காணலாம். மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடைவதற்கு என்று உபாகமம் 14 சொல்கிறது. பசித்தவனுடைய தட்டுக்குப் போக வேண்டியதை லாட்டரிச் சீட்டைப் போலக் காட்டுவது பாவம்.

கணக்கு எழுதினால் விசுவாசம் குறையும் என்று நினைப்பவர்கள் ஜார்ஜ் முல்லரைப் பார்க்கட்டும். 1836-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒரு வாடகை வீட்டில் அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்தார். 1870-க்குள் ஆஷ்லி டவுன் என்ற இடத்தில் ஐந்து பெரிய இல்லங்கள். அவர் காலத்தில் 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். எந்த மனிதரிடமும் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்பது அவருடைய தீர்மானம். அதே மனிதர் வந்த காணிக்கைக்கு ரசீது கொடுத்தார், ஆண்டுதோறும் வரவு செலவு அறிக்கை அச்சிட்டார். விசுவாசத்தின் பேரில் ஊழியம் என்று சொல்லிவிட்டு ரசீதுப் புத்தகமே இல்லாமல் நடத்துகிறவர்களிடம் இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

நேரமும் அப்படித்தான். ஓய்வுநாளை விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும்கூடக் கைக்கொள்ளச் சொல்கிறது யாத்திராகமம் 34:21. வேலை இல்லாத நாளில் ஓய்வது எளிது. தீபாவளி, கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடிக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை ஷட்டரை இறக்கி வைக்கிறவருக்குத்தான் அந்த வசனத்தின் எடை தெரியும்.

மறுபடியும் அந்த அரிசி டப்பாவுக்கு வருகிறேன். டப்பா உலர்ந்திருக்க வேண்டும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை சபையில் சேர்த்துவிட வேண்டும். மாதக்கணக்கில் வைத்தால் வண்டு விழும். இன்னொன்று, வீட்டில் ரேஷன் அரிசி சமைத்தால் ரேஷன் அரிசியையே போடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நமக்குப் பொன்னி, டப்பாவுக்கு ரேஷன் என்று பிரித்தால் அது மல்கியா 1:8-ல் பலியிடக் கொண்டுவருகிற ஊனமான மிருகம். அதை உன் அதிபதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார் என்று அங்கே கர்த்தர் கேட்கிறார். அந்த அரிசி கடைசியில் ஏதோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளையின் தட்டில் சோறாக விழும். நம் பிள்ளைக்கு எந்த அரிசியோ, அந்தப் பிள்ளைக்கும் அதே அரிசியைப் போடுங்கள்.